கொங்கு ஸ்டுடியோ காலத்து அக்கா தங்கச்சி கதை எழுதுகிறவர்களுக்கு

கதையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு பிறந்த வருஷங்களை எழுதிக்கொள்ளுங்கள். அக்கா 1917, தங்கச்சி 1921 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே சினிமா மாறிய வருஷங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இருவரின் வயதையும் போடுங்கள். 1931-ல் தமிழில் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தபோது அக்காவுக்கு 14, தங்கச்சிக்கு 10. கோயமுத்தூரிலும் சேலத்திலும் ஸ்டுடியோக்கள் எழும்பி ஓட ஆரம்பித்த 1936-ல் 19, 15. பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்த 1938-ல் 21, 17. பிலிம் தட்டுப்பாட்டில் படத்தின் நீளத்துக்கே அரசாங்கம் கத்தி வைத்த 1943-ல் 26, 22. பின்னணி பாடுவது தனித் தொழிலாகிவிட்ட 1948-ல் 31, 27.

இந்த ஐந்து வரியில் கதை ஏறக்குறைய வந்துவிட்டது. நாடகக் கொட்டகையில் குரலும் முகமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். சினிமா அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கக் கற்றுக்கொண்டது. ஒருத்திக்கு நல்ல குரல், இன்னொருத்திக்கு நல்ல முகம் என்று இருந்த ஜோடிகளுக்கு அந்தப் பிரிவு என்ன செய்திருக்கும் என்பதே இந்த வகைக் கதையின் உயிர். பொறாமை, காதல், துரோகம் எல்லாம் அதற்குப் பிறகு. இருவரும் ஒரே ஆணைக் காதலித்தார்கள் என்ற முடிச்சோடு ஆரம்பிக்கும் கதைகள் பாதியிலேயே தள்ளாடுவதற்குக் காரணம், அந்த முடிச்சை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் போடலாம் என்பதுதான். மைக்கும் பிலிமும் போடும் முடிச்சு இந்தக் காலத்துக்கு மட்டுமே சொந்தம்.

ஊரும் ஸ்டுடியோவும்

1934 வரை தமிழ்நாட்டில் பேசும் படம் எடுக்க வசதி கிடையாது. பம்பாய், கல்கத்தா என்று ரயிலேறிப் போனார்கள். எனவே 1933-ல் நடக்கும் படப்பிடிப்பைக் கோயமுத்தூரில் வைத்தால் கதை அங்கேயே உடையும். அந்த வருஷம் படம் எடுத்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட்கூட ‘வள்ளி திருமணம்’ எடுக்கக் கல்கத்தாவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905-ல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டவர் அவர். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். உங்கள் சகோதரிகள் சின்ன வயதில் முதல் படம் பார்க்கும் காட்சி வேண்டுமென்றால் அங்கே வைக்கலாம். ஆனால் அது ஊமைப்படமாக இருக்க வேண்டும்.

1930-களின் நடுவிலிருந்து இரண்டு வழி திறக்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸும் பிரீமியர் சினிடோனும். பின்னாளில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ். 1937-ல் ‘சதி அகல்யா’வோடு அதன் படங்கள் வர ஆரம்பித்தன. இரண்டு ஊரின் குணமும் வேறு. மாடர்ன் தியேட்டர்ஸ் மாதச் சம்பளம், நேரக் கட்டுப்பாடு என்று ஆலை மாதிரி ஓடிய இடம். கோவையில் வெளிக் கம்பெனிகள் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்தன, எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த ‘ராஜகுமாரி’ (1947) அப்படி ஜூபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரலில் எடுத்ததுதான். சம்பளக்காரியாக ஒருத்தியை சேலத்திலும், படத்துக்குப் படம் காத்திருப்பவளாக மற்றவளைக் கோவையிலும் வைத்தால், சண்டை போடாமலேயே இருவர் வாழ்க்கையும் இரண்டாகப் பிரியும்.

சேலம் என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1937 அக்டோபர் 1-லிருந்து ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்த ஜில்லா அது. 1938-ல் சேலத்து ஸ்டுடியோக்காரர் பகிரங்கமாகக் குடித்துக்கொண்டு பேரம் பேசுவதாக எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அதே பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

பெயர்

அக்காலத்துப் பெண் கலைஞரின் இனிஷியலில் பெரும்பாலும் ஊர்ப் பெயரும் தாய் பெயரும் இருக்கும். காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் பெயரில் ‘கே’ கொடுமுடி, ‘பி’ தாயார் பாலாம்பாள். பவானியில் பிறந்த உங்கள் சகோதரிகளுக்கு ‘பி’யும் தாயாரின் முதல் எழுத்தும் வரும். இருவருக்கும் ஒரே இனிஷியல்தான். பிறகு ஒருத்தி திருமணமாகி, இனிஷியலை மாற்றிக்கொண்டு விளம்பரத்தில் வருகிற நாள் தனி அத்தியாயத்துக்குத் தாங்கும். நோட்டீஸில் ‘மிஸ்’ என்று பெயருக்கு முன் போடும் வழக்கமும் அன்று உண்டு. அந்த ‘மிஸ்’ எப்போது உதிர்ந்து ‘ஸ்ரீமதி’ ஆகிறது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் பெயரும் காலத்தோடு மாறும். 1920-களில் உங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பாத்திரம் ‘பரதநாட்டியம்’ என்று சொல்லக் கூடாது. சதிர் என்பாள், சின்ன மேளம் என்பாள். பரதநாட்டியம் என்ற பெயர் மேடைக்கு வந்தது 1930-களில். சதிர் மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் 1931-ல் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடியது அந்த மாற்றத்தின் வாசலில் நடந்தது. சகோதரி ஜோடி மேடையேறுவதற்கு நல்ல முன்மாதிரியும் அதுதான். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபின், கோயிலில் பெண் ஆடும் வழக்கமே சட்ட விரோதம். அதற்குப் பிந்திய நோம்பி (கோயில் திருவிழா) காட்சியில் சதிர் வைக்காதீர்கள்.

கட்டையில் இருந்து ஆரம்பியுங்கள்

சகோதரிகள் சினிமாவுக்கு வருமுன் ஸ்பெஷல் நாடகத்தில் இருப்பார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் ஏஜெண்ட் தனித்தனியாகப் பேசி, ஒரே ராத்திரிக்கு ஒன்று சேர்ப்பார். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லாருக்கும் பாடம். ஆகவே ஒத்திகை இருக்காது. ‘மாதக்கணக்கில் ஒத்திகை’ என்று எழுதினால் அது பாய்ஸ் கம்பெனி. அதில் பெண்கள் இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

மைக் இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட் வரை குரல் போக வேண்டும். அதனால் சுருதி உயரம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது மேற்கத்திய ‘சி’, நாலு கட்டை ‘எஃப்’, ஐந்து ‘ஜி’, ஐந்தரை அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. அக்காவை ஐந்தரைக் கட்டையில் அநாயாசமாகப் பாடுகிறவளாக வையுங்கள். தங்கச்சிக்கு நாலரை. ஒன்றாகப் பாடும்போது பொதுவாக ஒரு சுருதி வைத்தாக வேண்டும். ஐந்தில் வைத்தால் அக்காவின் மேல் ஸ்தாயி ஒளி கொஞ்சம் மங்கும், தங்கச்சி மேல் பஞ்சமத்தில் கீச்சிடுவாள். பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியம் வாசிப்பவர், யார் பக்கம் கை வைக்கிறார் என்பதில் அந்த ராத்திரியின் அரசியல் இருக்கிறது.

“ஏக்கா, பெட்டிக்காரருகிட்டச் சொல்லி அரைக் கட்டை எறக்கச் சொல்லேன். என்ற தொண்டை தாங்காது.”

“எறக்குனா கடைசிக்காரனுக்குக் கேக்குமா கண்ணு? நீ கீழ சேந்து பாடு. மேல போறதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

இந்த இரண்டு வரியில் அக்கா அன்பாகத்தான் பேசுகிறாள். மேலே போவதெல்லாம் அவளுக்கு என்பதும் அதே வரியில் முடிவாகிவிட்டது. வெளிப்படையான சண்டையை விட இப்படிப்பட்ட பேச்சையே தேடி எழுதுங்கள்.

ஒற்றை மைக்

1936-ல் பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்வதில்லை. கேமரா ஓடும்போதே நடிகை பாட வேண்டும்; பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடத்தில், வெளிப்புறமென்றால் மரத்துக்குப் பின்னால், உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடும் இருவருக்கும் சேர்த்து ஒரே மைக். இன்றைக்குப் போல ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடியாது. எந்தக் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நிற்கும் தூரம்தான் தீர்மானிக்கும்.

இப்போது உங்கள் பாத்திரங்களை அங்கே நிறுத்திப் பாருங்கள். கொட்டகையை அதிரவைத்த அக்காவின் குரல் மைக்குக்கு அதிகம். மெல்லிய தங்கச்சியின் குரலை அது விழுங்கிவிடும். சவுண்ட் என்ஜினியர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். “பெரியம்மா ரெண்டடி பின்னால வரணுங்க.” அக்கா வருகிறாள். இரண்டடி பின்னால் வந்ததும் விளக்கு வெளிச்சம் அவள் முகத்தை விட்டு விலகுகிறது. “இன்னும் ஒரடி.” தோள் மட்டும் வெளிச்சத்தில். முன்னால் நிற்கும் தங்கச்சியின் மூக்குத்தி பளீரென்கிறது. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. மின்விசிறி ஓடினால் இரைச்சல் பதியும் என்று நிறுத்தியாயிற்று, கதவையும் சாத்தியாயிற்று. வியர்வையில் கண்மை கரைவதற்குள் டேக் போக வேண்டும். அப்போது தூரத்தில் மில் சங்கு ஊதுகிறது. டேக் போச்சு. திரும்ப முதலிலிருந்து.

இந்தக் காட்சியை எழுதும்போது செய்யக்கூடிய தவறு, அக்காவின் மனதில் ஓடுவதை எல்லாம் விளக்குவது. தேவையில்லை. அடிக்கணக்கு போதும்.

கருப்பு வெள்ளையையும் மறக்க வேண்டாம். சிவப்புப் பட்டும் பச்சைப் பட்டும் திரையில் ஏறக்குறைய ஒரே சாம்பல். சுத்த வெள்ளை விளக்கில் கூசும் என்பதால் லேசாக மஞ்சள் தோய்த்த சேலை கட்டுவார்கள். ‘அவள் சிவப்புச் சேலையில் திரையில் ஜொலித்தாள்’ என்று எழுத இடமில்லை. படப்பிடிப்பில் சிவப்பு, திரையில் சாம்பல். தியேட்டர் வாசல் பேனரில் ஓவியர் தன் இஷ்டத்துக்கு நீலம் பூசியிருப்பார். மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் காட்டலாம்.

குரல் பிரிந்த பிறகு

1938-ல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் வேறொருவர் வாயசைத்தார். அன்றே எல்லாப் படமும் மாறிவிடவில்லை. பாடத் தெரிந்த நடிகர்கள் தாங்களே பாடுவது 1940-கள் முழுக்க நடந்தது. உங்கள் கதைக்கு இந்தப் பத்து வருஷத்து இரண்டுங்கெட்டான் காலம் மிக நல்லது: அக்கா பாட, தங்கச்சி வாயசைக்கலாம். கட்டாயத்தால் இல்லாமல், ஒரு சௌகரியமாக அது ஆரம்பிக்கட்டும்.

முறையைச் சரியாக எழுதுங்கள். டேப் அப்போது கிடையாது. பாட்டு நேராக ஒலி பிலிமில் பதிவாகும். அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டால்தான் கேட்கவே முடியும். வெட்டி ஒட்டி ஒரு வரியைச் சரிசெய்வது எளிதல்ல. கடைசிச் சரணத்தில் மிருதங்கம் பிசகினாலும் பல்லவியிலிருந்து மறுபடி. ‘ரீவைண்ட் செய்து கேட்டாள்’ என்று 1941-ல் எழுதாதீர்கள். படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் ஓட்ட, நடிகை அதற்கு வாயசைப்பாள். தங்கச்சி தன் அக்காவின் மூச்சு விடும் இடம் எது என்று அறிந்தவள். வேறு எவளும் அவ்வளவு பொருத்தமாக வாயசைக்க முடியாது. பாடியவர் பெயரை டைட்டிலிலோ பாட்டுப் புத்தகத்திலோ பல படங்களில் போடவே இல்லை என்பதையும் கூடச் சேருங்கள்.

பிறகு 1948-ஐ ஒட்டி பி. லீலா, எம்.எல். வசந்தகுமாரி போன்றவர்கள் வருகிறார்கள். மைக்கை அறிந்து பாடிய குரல்கள். இங்கே அக்காவின் கொட்டகைக் குரல் இரண்டாம் முறை தோற்கிறது, இம்முறை தங்கச்சியிடம் அல்ல. பலரும் இந்த மூன்றாம் கட்டத்தை விட்டுவிட்டு தங்கச்சியின் கல்யாணத்தோடு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் சகோதரிகள் மறுபடி ஒரே பக்கம் வந்து நிற்பது இங்கேதான்.

11,000 அடி

போர்க்காலத்தில் பிலிம் வெளிநாட்டிலிருந்து போதிய அளவு வரவில்லை. 1943-லிருந்து போர் முடியும் வரை ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்கு முன் 18,000 அடி சாதாரணம், மூன்று மணி இருபது நிமிஷம். எடிட்டர் மேஜையில் ஏழாயிரம் அடியை எங்கே எடுப்பது? 400 அடிப் பாட்டு ஒன்றை எடுத்தால் நாலரை நிமிஷம் மிச்சம். எந்தப் பாட்டு போகிறது என்பதைக் கணக்குப் போட்டு எழுதினால், வில்லன் தேவையில்லாமல் ஒருத்தியின் வாழ்க்கை மாறும்.

அதே காலத்துக்கு பெட்ரோல் பங்கீடு உண்டு. பஸ் கரி வாயுவில் ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு ‘அரை மணியில் காரில் வந்து சேர்ந்தாள்’ என்றால் யார் நம்புவார்கள்?

பேச்சு

கொங்குத் தமிழை வசனத்தில் மட்டும் வையுங்கள், அதையும் அளவாக. என்ற, உன்ற, அவிய, சித்தெ, ஒட்டுக்கா, பொழுதோட, ஒறம்பரை, அக்கட்டால: இவை வந்தாலே ஊர் வந்துவிடும். எல்லா வாக்கியத்துக்கும் ‘ங்க’ போட்டால் நாடக பபூன் பேச்சாகிவிடும். மரியாதை யாருக்கு என்று பாருங்கள்: தங்கச்சி அக்காளிடம் ‘ங்க’ போடாமல் பேசலாம், ஸ்டுடியோ மேனேஜரிடம் இருவருமே ‘ஏனுங்க’. அம்மாவின் அம்மா அமுச்சி, அம்மாவின் அப்பா அப்புச்சி, அப்பாவின் அப்பா அப்பாரு. தாய் வழியில் ஓடும் வீடு என்பதால் அமுச்சி அதிகம் வருவாள், அப்பாரு வராமலே போகலாம்.

ஸ்டுடியோவில் எல்லாரும் கொங்குத் தமிழ் பேசினதாகவும் எழுத வேண்டாம். முதலாளி வீட்டில் தெலுங்கு இருக்கலாம், நடிகர்கள் மதுரை, தஞ்சாவூர், தொழில்நுட்பக்காரர்களில் வடநாட்டார். தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் டங்கன் 1936-லிருந்து தமிழ்ப் படங்களை இயக்கியிருக்கிறார். அதற்கு மேல் திரையில் பேசிய தமிழே வேறு. 1930-களில் வடமொழி கலந்தது. ‘என்ற நாதா’ என்று வாயில் வந்துவிட, வசனம் சொல்லிக் கொடுப்பவர் ‘என் நாதா’ என்று திருத்துகிற காட்சியை எழுதுங்கள். பத்துத் தடவை திருத்தியபின் அவள் சரியாகச் சொல்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அமுச்சியிடமும் ‘என்’ என்றே பேசுகிறாள். அமுச்சி தட்டில் சந்தகையை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேங்காய்ப்பாலை எடுக்கப் போகிறாள்.

பணமும் நிஜ ஆட்களும்

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). நயா பைசா 1957 ஏப்ரலில்தான். சம்பளத்தை எழுதும்போது உச்சத்தையும் சராசரியையும் குழப்பாதீர்கள். 1935-ல் நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் கொடுத்தது நாடே பேசிய சேதி. பேசும்படியாக இருந்ததே அது அபூர்வம் என்பதற்குச் சாட்சி. உங்கள் சகோதரிகள் அந்தச் சேதியைக் கேட்டு ஏங்குகிறவர்களாக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார், பணத்தை வாங்கிக்கொள்வது யார் என்று தீர்மானியுங்கள்: தாயாரா, மாமனா, பக்கவாத்தியக்காரரா? சாவிக்கொத்து கைமாறும் இடத்தில் கதை திரும்பும்.

நிஜ நட்சத்திரங்களைத் தூரத்தில் வையுங்கள். பாகவதர் ஒலிபெருக்கியில் கேட்கலாம், ரயில் மேடையில் கூட்டத்துக்கு நடுவே தலை மட்டும் தெரியலாம். அவருக்கு வசனம் எழுதினால் வாசகர் கவனமெல்லாம் அங்கே போய்விடும், பொய்யும் அங்கேதான் பிடிபடும். 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலையும், அதையொட்டி பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானதும் உங்கள் கதைக்கு வேறு விதத்தில் உதவும். லட்சுமிகாந்தன் நடத்தியது நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகை. அப்படி ஒரு தாள் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று எழுதுங்கள். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று வாசகருக்குக் காட்டாமலே இரண்டு பேர் முகத்தையும் காட்டலாம்.

மிஞ்சியவை

கதையைப் பேத்தி ஒருத்தி தேடிப் போவதாக அமைக்கிறவர்கள், அவள் கையில் படச்சுருளைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். ‘காளிதாஸ்’ பிரதியே இன்று இல்லை. 1930-களின் படங்களில் பெரும்பாலானவை அப்படியே போயின. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸிலும் ஏற்காடு ரோட்டு நுழைவு வளைவுதான் நிற்கிறது. பேத்திக்குக் கிடைக்கக்கூடியது பாட்டுப் புத்தகம்: கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. ஒரு ஸ்டில். பத்தங்குல இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடுவது.

அந்தத் தட்டின் மேல் தங்கச்சி பெயர் அச்சாகியிருக்கும். ஊசியை வைத்தால் வருவது ஐந்தரைக் கட்டை.